நெஞ்சு வலி வந்தும் தொற்றுக்குப் பயந்து விடியும்வரை வீட்டிலேயே இருந்தார் அப்பா. அந்தத் தாமதம் எவ்வளவு கெடுத்திருக்கும்?

வானதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் நீண்ட நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

2020ல் பெருந்தொற்றின் முதல் அலை உச்சத்தில் இருந்தபோது நடந்தது. அப்பாவுக்கு அப்போது 61 வயது. பிரஷருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார், சர்க்கரை கிடையாது. ஒருநாள் சாயங்காலம் நடு நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று அவரே முடிவு செய்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார், வெந்நீர் குடித்தார். இரவு படுக்கப் போகும்போது இடது தோள்பட்டையும் தாடையும் இழுக்கிறது என்றாராம். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதற்கு அப்பா சொன்னது: "இப்ப அங்க போனா இல்லாத நோயையும் சேர்த்து வாங்கிட்டு வரணும். உன்னையும் உள்ள விடமாட்டாங்க. விடியட்டும், பாத்துக்கலாம்."

வியர்த்து நனைந்து இரவில் இரண்டு முறை சட்டை மாற்றியிருக்கிறார். மூன்றாவது சட்டையை எடுத்துக் கொடுக்கும்போதுதான் அம்மாவுக்கு பயம் வந்திருக்கிறது. நான் வேறு ஊரில் இருந்தேன். இதெல்லாம் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவை. விடியற்காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. இதயத்தின் முன்பக்கக் குழாய் முழுதாக அடைத்திருந்தது என்று சொல்லி, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம்தான் என்று வந்தது. ஒரு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற ஆளாகிவிட்டார்.

டாக்டரிடம் கேட்டபோது "கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அது போதவில்லை. அந்த இரவு நேரம்தான் காரணமா? அல்லது எப்போது போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா? எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா, எல்லா இடத்திலும் நடந்ததா?

இன்னொன்றும் இருக்கிறது, இதை இப்போது கேட்பதற்கு அதுதான் காரணம். எங்கோ காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்தாலே அம்மா அதே பேச்சைத் தொடங்கிவிடுகிறார். "எனக்கு என்ன ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோயிடாதீங்க" என்கிறார். அவருக்கு சர்க்கரை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


செழியன்_மு எழுதியது:

உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எங்கள் பெரியப்பா அதே சமயத்தில் வீட்டிலேயே போய்விட்டார். மூன்று நாளாகவே மேல்வயிறு எரிகிறது, கை மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். போனில் ஒரு டாக்டரிடம் பேசியிருக்கிறார்கள். அவர் "நேரில் போய் ஈசிஜி எடுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். யாரும் போகவில்லை. கடைசியில் இறுதிச் சடங்குக்கும் பத்துப் பேருக்கு மேல் போக முடியவில்லை. தொற்றில் இறந்தவர்களைக் கணக்கு எடுத்தார்கள், பெரியப்பா எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இங்கே "இரவுப்பணி" என்ற பெயரில் ஒரு அக்கா எழுதுவார். அவர் வேலை பார்ப்பதே கேத் லேபில்தான், இதயக் குழாய் அடைப்பைத் திறக்கிற இடம். அவர் பார்த்தால் சரியான பதில் கிடைக்கும்.


இரவுப்பணி எழுதியது:

வானதி, செழியன், இருவருக்கும் வணக்கம். நான் கேத் லேபில் செவிலியர். பெருந்தொற்றின் எல்லா அலைகளிலும் அங்கேதான் இருந்தேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் அப்பாவின் ஆஞ்சியோவை (இதயக் குழாய்களின் எக்ஸ்ரே படம்) பார்த்தவளும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால், அதை நம்பியிருக்கும் தசை அரை மணி நேரம் போலவே ஆகும்போது சாகத் தொடங்கிவிடுகிறது. உள்பக்கத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். ஆறு மணி நேரம் ஆகும்போது காப்பாற்றியிருக்கக்கூடிய தசையில் பெரும்பகுதி போயிருக்கும். போனது திரும்ப வளராது, தழும்பாகத்தான் ஆறும். தழும்பு சுருங்கி விரியாது. உங்கள் அப்பாவுக்கு அடைத்தது முன்பக்கக் குழாய் என்கிறீர்கள். உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையின் முன்சுவர் முழுக்கவும், நடுச்சுவரில் பெரும்பகுதியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அதனால்தான் அந்தக் குழாய் அடைத்தால் பம்பிங் இவ்வளவு விழுகிறது.

எனவே, ஆமாம். அந்த இரவு நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் திறந்திருந்தால் இதைவிட நல்ல எக்கோவை எதிர்பார்த்திருக்கலாம். எத்தனை சதவீதம் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு அடைப்பு விட்டுவிட்டுத் திறந்து மூடும். சிலருக்குப் பக்கத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து வந்து தசையைத் தாக்குப்பிடிக்க வைக்கும். விடியும்வரை இருந்தும் 35 மிஞ்சியிருக்கிறது என்றால் அப்படி ஏதாவது உதவியிருக்கலாம். உங்கள் அம்மா விடிந்த பிறகாவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது வீண் போகவில்லை, அதை அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, எல்லா இடத்திலும் நடந்ததா என்ற கேள்வி. நடந்தது. முதலில் வெளிவந்த கணக்குகளில் ஒன்று ஹாங்காங்கிலிருந்து வந்தது. 2020 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் பெரிய மாரடைப்போடு ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களை, அதற்கு முந்தைய ஆண்டில் வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலி தொடங்கியதிலிருந்து முதல் மருத்துவ உதவி கிடைப்பதற்கான நேரம், வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரை எடுத்தால், முன்பு 82.5 நிமிடம். தொற்றுக் காலத்தில் 318 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கும் மேல்! தொற்றுக் காலத்தில் வந்தவர்கள் ஏழே ஏழு பேர் என்பதால் சின்ன ஆய்வுதான். ஆனால் அதைப் படித்தபோது எங்கள் லேபில் நடப்பதை யாரோ எழுதி வைத்தது போல இருந்தது எனக்கு.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்குள் வந்தபின் குழாயைத் திறக்க ஆன நேரம் 84.5 நிமிடத்திலிருந்து 110 நிமிடமாகக் கூடியது. பரிசோதனை, பாதுகாப்பு உடை என்று எங்கள் பக்கத் தாமதம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. வீட்டுப் பக்கத் தாமதம் நாலு மணி நேரம் அளவுக்கு. நாங்கள் வேகமாக உடை மாட்டப் பழகி, ஸ்வாப் முடிவுக்குக் காத்திராமல் எல்லோரையும் தொற்று உள்ளவராகவே நினைத்துச் சிகிச்சை செய்யப் பழகி, ஒவ்வொரு நிமிடமாகச் சேமித்தோம். அந்த உடையோடு வேலை செய்வது எப்படி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிடும். இரண்டு அடுக்குக் கையுறைக்கு மேல் மணிக்கட்டு நாடியைத் தேடவேண்டும். டாக்டர் கேட்கிற வயர் எந்த அளவு என்பது முகக்கவசத்துக்குள்ளேயே அமுங்கிப்போகும், கைவிரலால் எண் காட்டுவார். அத்தனையும் செய்து நாங்கள் மீட்டது பத்து இருபது நிமிடம். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்று போன மணிக்கணக்கை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இங்கிலாந்தில் மாரடைப்பு வகை நோய்களுக்கான அனுமதி 2020 மார்ச் முடிவில் முந்தைய அளவைவிட 40 சதவீதம் குறைந்தது. இத்தாலியில் மார்ச் மாதம் ஒரு வாரத்தை மட்டும் எடுத்து 54 மருத்துவமனைகளில் பார்த்தார்கள். மாரடைப்பு அனுமதி பாதியாக, சரியாகச் சொன்னால் 48.4 சதவீதம், குறைந்திருந்தது. அங்கே வந்து சேர்ந்த பெரிய மாரடைப்பு நோயாளிகளில் இறந்தவர்கள் முந்தைய ஆண்டு 4.1 சதவீதம், அந்த வாரம் 13.7 சதவீதம். இந்தியாவில் 187 மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் 35.4 சதவீதம் குறைவு.

வேலைப்பளு குறைந்தது, புகை குறைந்தது, அதனால் மாரடைப்பே குறைந்திருக்கலாம் என்று அப்போது சிலர் சொன்னார்கள். கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் இன்ஃப்ளுயன்ஸா மாதிரியான ஒரு தொற்று வந்தாலே அடுத்த ஒரு வாரத்துக்கு மாரடைப்பு அபாயம் ஆறு மடங்காகிறது என்று கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2018லேயே சொல்லிவிட்டது. ஒரு நாடே காய்ச்சலில் கிடக்கும்போது மாரடைப்பு மட்டும் பாதியாகிவிடுமா? குறைந்தது எங்கள் வாசலுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை.

அதை நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், தாமதமாக வந்தவர்களை வைத்து. குழாயைத் திறக்காமல் விட்டால் செத்த தசை சில நாளில் இளகும். சிலருக்கு இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரே கிழிந்து ஓட்டை விழும். குழாயை உடனே திறக்கிற இந்தக் காலத்தில் நூறில் ஒருவருக்குக்கூட வராத சிக்கல் அது. என்னோடு வேலை செய்த இளம் டாக்டர்கள் பலர் அதைப் புத்தகத்தில் மட்டும்தான் படித்திருந்தார்கள். அந்த மாதங்களில் நேரில் பார்த்தார்கள். ஒரு பெண்மணி நினைவிருக்கிறார். நாலு நாளைக்கு முன்னால் நெஞ்சு அடைத்தது, தானாகச் சரியாகிவிட்டது, இப்போது மூச்சுதான் விடமுடியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நெஞ்சில் கை வைத்தாலே உள்ளே ரத்தம் பீய்ச்சும் அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. ஸ்டெதஸ்கோப் தேவைப்படவே இல்லை. முதல் நாளே வந்திருந்தால் மணிக்கட்டு வழியாக ஒரு ஸ்டென்டோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம்.

இன்னொரு குடும்பம் எங்கள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வரவில்லை. காரை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, மகன் அவசரப் பிரிவுக்கு போன் போட்டு "உள்ள எத்தனை கோவிட் பேஷன்ட் இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தது நான்தான். யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். பின்சீட்டில் அப்பா இருக்கிறார், வியர்த்துக்கொட்டுகிறது என்றார். நாங்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து போய் அழைத்து வந்தோம். அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அப்பாவைக் காப்பாற்றத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கடைசியாக அம்மா விஷயம். இதில்தான் நான் பிடிவாதமாக ஒன்று சொல்வேன். வலி வந்தவரிடம் "போகலாமா" என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவரால் சரியாக முடிவெடுக்க முடியாது. பயம் ஒரு பக்கம், யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்ற எண்ணம் ஒரு பக்கம், ஒன்றும் இருக்காது என்ற ஆசை ஒரு பக்கம். நெஞ்சில் அழுத்தம், பாரம், எரிச்சல், எதுவாக இருந்தாலும் ஐந்து பத்து நிமிடத்தில் போகவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு "வண்டி வருது" என்று சொன்னால் போதும். அதன் பிறகு பெரும்பாலும் யாரும் சண்டை போடுவதில்லை, அவர்களுக்கும் ஒரு நிம்மதி. இதை உடம்பு நன்றாக இருக்கும்போதே அம்மாவிடம் பேசி வாங்கிவிடுங்கள். "அன்னைக்கு நான் உங்ககிட்ட கேக்க மாட்டேன், கூப்பிட்டுடுவேன், சரியா?" என்று.

அவருக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்று கூடுதலாகக் கவனிக்கவேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும், பொதுவாகவே பெண்களுக்கும், மாரடைப்பு எப்போதும் நெஞ்சு வலியாக வராது. காரணமில்லாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, தாடையிலோ முதுகிலோ வலி, திடீரென்று எழுந்து நிற்க முடியாத அசதி, இப்படியும் வரும். தொற்றுக் காலத்தில் இதுவே பெரிய பொறியாகிவிட்டது. மூச்சுத்திணறல், அசதி என்றதும் கோவிட்தான் என்று நினைத்து வீட்டில் தனியறையில் படுக்க வைத்துவிட்டார்கள். அந்த அறையில் சிலர் மாரடைப்போடு படுத்திருந்தார்கள்.


ரஹ்மத்துல்லா எழுதியது:

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பயம் கற்பனை இல்லை. என் மாமியார் வேறு ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்கு வார்டில் சேர்ந்து, அங்கேயே தொற்று வந்து, மூன்று வாரம் ஆக்சிஜனில் இருந்தார். அதைப் பார்த்தபிறகு நெஞ்சு வலி என்றாலும் யோசிக்கத்தான் செய்வோம்.

அப்புறம், உலகம் முழுக்க அரசாங்கங்கள் தினமும் என்ன சொல்லிக்கொண்டிருந்தன? வீட்டிலேயே இருங்கள், வெளியே வராதீர்கள், மருத்துவமனைக்குச் சுமை கொடுக்காதீர்கள். "நெஞ்சு வலி என்றால் மட்டும் உடனே வாருங்கள்" என்று அதே சத்தத்தில் யார் சொன்னார்கள்? வானதியின் அப்பா சொன்னதைக் கேட்டார். அவ்வளவுதான். குடும்பங்கள் மேல் பழி போடுவது நியாயமாகப் படவில்லை.


இரவுப்பணி எழுதியது:

ரஹ்மத் தம்பி, நீங்கள் சொல்வது சரி. வார்டுகளில் தொற்று பரவியது உண்மை, அதை மறைத்துப் பேசினால் என்னை யாரும் நம்பக்கூடாது. வெளியே சொன்ன செய்தியும் பாதிதான் போய்ச் சேர்ந்தது. மாரடைப்புக்காரர்கள் வரவில்லை என்பது ஏப்ரலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, அவசரம் என்றால் தயங்காமல் வாருங்கள் என்று தனியாகப் பிரசாரம் செய்தது. அமெரிக்க இதயச் சங்கமும் அந்த ஆண்டு அதேபோல இறங்கியது. முதல் நாளிலிருந்தே இரண்டு செய்தியும் சேர்ந்து போயிருக்கவேண்டும். அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் "வீட்டில் இருங்கள்" என்று எழுதுகிற ஒவ்வொரு அறிவிப்பிலும் அடுத்த வரியே நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் கோணுவது, இவற்றுக்கு உடனே வாருங்கள் என்று இருக்கவேண்டும். இதற்காக எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் இரண்டு அபாயங்களையும் சமமாக வைக்கமுடியாது. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைக்கு வார்டில் பல நாள் படுப்பது வேறு. மாரடைப்புக்கு நேரே கேத் லேப் வந்து, குழாயைத் திறந்து, சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போவது வேறு. தொற்று வரலாம், வராமலும் போகலாம். முகக்கவசம், தனி வழி, தனி அறை என்று அதைக் குறைக்க வழி உண்டு. முழுதாக அடைத்த குழாய் அப்படி இல்லை. அது தசையைக் கொன்றுகொண்டே இருக்கும்.

கேத் லேப் இல்லாத இடமென்றாலும் தயங்கவேண்டியதில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. வலி தொடங்கி பன்னிரண்டு மணி நேரம் வரை போடலாம். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். போட்டபிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள்.


வண்டி_எட்டு எழுதியது:

நான் ஆம்புலன்ஸில் முதலுதவியாளர். அக்கா எழுதியதில் ஒன்றுக்குக் காரணம் சேர்க்கிறேன். ஏன் சொந்த வண்டியில் போகாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்கிறோம்? மாரடைப்பில் திடீரென்று இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் ஒரு மணி நேரத்தில் இறக்கிறார்கள். இதயம் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பித்துவிடும். அப்போது ஷாக் கொடுக்கும் கருவி பக்கத்தில் இருந்தால் திரும்பக் கொண்டுவர நல்ல வாய்ப்பு உண்டு. கார் பின்சீட்டில் என்ன செய்வீர்கள்? ஓட்டுவது மகன், பக்கத்தில் அம்மா.

இத்தாலியின் லொம்பார்தியில் முதல் 40 நாளில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்கள் முந்தைய ஆண்டைவிட 58 சதவீதம் கூடினார்கள். அப்படிக் கூடிய எண்ணிக்கையில் பெரும்பங்கு கோவிட் இருந்தவர்கள் அல்லது இருந்ததாகச் சந்தேகப்பட்டவர்கள். ஆனால் அத்தனை பேருக்கும் அது வீட்டிலோ தெருவிலோ நடந்தது, கட்டிலில் மானிட்டரோடு நடக்கவில்லை. எங்கள் வண்டியிலும் அந்த மாதங்களில், போய்ச் சேரும்போதே உடம்பு குளிர்ந்திருந்த வீடுகள் அதிகம்.

இன்னொன்று. போனில் காய்ச்சலை மறைக்காதீர்கள். கோவிட் வார்டுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று பயந்து பலர் மறைத்தார்கள். சிலர் நேர் எதிர், காய்ச்சல் என்று மட்டும் சொல்லி நெஞ்சு வலியைச் சொல்லவே இல்லை. அதனால் சாதாரண வண்டி வந்து நின்றது. இரண்டையும் சொல்லுங்கள். முதல் வாக்கியத்திலேயே "நெஞ்சு வலி, வியர்க்குது, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொல்லிவிட்டால் மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்வோம். வாசல் கதவைத் திறந்து விளக்கைப் போட்டு வையுங்கள். நோயாளியை மாடியிலிருந்து நடத்திக் கூட்டி வராதீர்கள், தூக்குவது எங்கள் வேலை.


வானதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசல் வரை வந்து காரிலேயே உட்கார்ந்திருந்த குடும்பத்தைப் பற்றிச் சொன்னபோது "அந்த மனுஷன் பிழைச்சாரா?" என்று கேட்டார். பதில் எனக்கும் தெரியவேண்டும்.

"நான் உங்ககிட்ட கேக்க மாட்டேன், கூப்பிட்டுடுவேன்" என்றதற்கு உடனே சரி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நீயும் கூட வரணும், தனியா விட்டுட்டுப் போகக்கூடாது" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் பயப்படுவது கிருமிக்கு மட்டும் இல்லை. அப்பாவை உள்ளே கொண்டுபோனபோது அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்வரை முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. வண்டி வரும்வரை ஆஸ்பிரின் கொடுக்கலாமா? அப்பாவிடம் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறது, அதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா? அப்புறம், வலி வந்து போய் ஈசிஜி எடுத்து "நார்மல்" என்று திருப்பி அனுப்பிவிட்டால்? அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த முறை அம்மா கண்டிப்பாக வரமாட்டார்.


இரவுப்பணி எழுதியது:

பிழைத்தார். எங்கள் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் மகனோடுதான் வருகிறார். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

தனியாக விடக்கூடாது என்று அம்மா சொன்னது எனக்கு வலித்தது. நாங்கள் அன்று எத்தனையோ பேரை வாசலில் நிறுத்தினோம். விதி அது, மீற முடியவில்லை. ஆனால் அப்படி வாசலில் நின்றவர்களும் அவர்களைப் பார்த்தவர்களும்தான் அடுத்த முறை வரத் தயங்குகிறார்கள் என்பதை விதி போடுகிறவர்கள் யோசிக்கவேண்டும். நாங்கள் எங்கள் சொந்த போனில் வீடியோ போட்டுக் காட்டுவோம். குடும்பத்தோடு பேசியபிறகு நோயாளியின் நாடித்துடிப்பு இறங்குவதை மானிட்டரில் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நிலை திரும்ப வந்தால், உள்ளே போகும்போதே செவிலியரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, தினம் ஒரு முறை வீடியோவில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஆஸ்பிரின்: முதலில் ஆம்புலன்ஸ், பிறகு மாத்திரை. போனில் இருப்பவர் கொடுக்கச் சொன்னால் 300 மில்லிகிராம் அளவுக்கு, விழுங்காமல் நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள்; மென்றால் சீக்கிரம் வேலை செய்யும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றில் ரத்தக்கசிவு இருந்தவர் எடுக்கக்கூடாது. அம்மாவுக்கு அப்படி எதுவும் உண்டா என்று அவருடைய டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தேடுவதில் நேரம் போகக்கூடாது. அது இல்லாவிட்டாலும் வண்டியில் கொடுப்பார்கள்.

அப்பாவின் நாக்கடி மாத்திரையை அம்மாவுக்குக் கொடுக்கவேண்டாம். அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். மாரடைப்பில் சில வகைகளில் அதுவே ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். யாருக்கு எழுதிக் கொடுத்தார்களோ அவருக்கு மட்டும்.

ஈசிஜி நார்மல் என்பது பற்றி நல்ல கேள்வி கேட்டீர்கள். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தும் மாரடைப்பாக இருக்க முடியும். அதனால்தான் வலி தொடர்ந்தால் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையை ஒரு மணி அல்லது மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். ஒரே ஒரு ஈசிஜியோடு அனுப்பினால் "ட்ரோபோனின் பார்த்தாச்சா, இரண்டாவது எப்போ?" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை. எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால் அம்மாவிடம் வந்தது சரி என்று சொல்லுங்கள். வாயுவுக்காக வந்தவர் என்று எங்கள் லேபில் யாரையும் குறைவாகப் பார்ப்பதில்லை. வராதவர்களைப் பற்றித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒன்று நான் கேட்கவேண்டும். அப்பாவுக்குக் கடைசியாக எக்கோ எப்போது எடுத்தீர்கள்? 35 என்பது ஸ்டென்ட் வைத்த கையோடு எடுத்த எக்கோவா? அப்போது சாகாமல் மரத்துப்போய் இருந்த தசையும் சேர்ந்துதான் அந்த எண் வந்திருக்கும். சில வாரத்தில் அதில் ஒரு பங்கு விழித்துக்கொள்வது உண்டு. அதனால் ஆறு வாரம், மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுப்பது வழக்கம். தொற்றுக் காலத்தில் அந்த மறுபரிசோதனைக்கு வராமல் விட்டவர்கள் நிறையப் பேர். மருந்துகளைச் சரியான அளவுக்கு ஏற்றிய பிறகும் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், திடீரென்று துடிப்பு தாறுமாறாகும்போது உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் சின்னக் கருவி தேவையா என்று பார்க்கவேண்டும். இதயப் பலவீனத்துக்கு அதற்குப் பிறகு வழக்கத்துக்கு வந்த மாத்திரைகளும் இருக்கின்றன. முதலில் சர்க்கரைக்காக வந்த ஒரு வகை இப்போது சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள்.


வானதி எழுதியது:

டிஸ்சார்ஜுக்கு முன்னால் எடுத்தது. அதன் பிறகு எடுக்கவே இல்லை அக்கா, மாத்திரை மட்டும் அதே சீட்டை வைத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கே போன் செய்து நேரம் வாங்குகிறேன். அப்பாவிடம் கேட்கப்போவதில்லை.